கம்பெனி வண்டியும் மாற்றிய வண்டியும்: மைலேஜை எப்படி ஒப்பிடுவது?

கொங்குவண்டி (கோவை)

வணக்கம் நண்பர்களே. என்னுடையது 2018 ஸ்விஃப்ட் பெட்ரோல், விஎக்ஸ்ஐ. வாங்கும்போது ஸ்டீல் ரிம்மில் 165/80 ஆர்14 டயர் இருந்தது. போன வருஷம் 15 இன்ச் அலாய் போட்டு 195/65 டயர் மாட்டினேன். கூடவே கழுவிப் போடும் வகை ஏர் ஃபில்டர், பின்பக்கம் புகை தடையில்லாமல் வெளியேறும் ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர். இன்ஜினில் வேறு எதையும் தொடவில்லை.

2021, 2022 வாக்கில் ஹைவேயில் லிட்டருக்கு 18 கிடைத்தது. இப்போது 16 தாண்டுவதில்லை. சித்தப்பா பையன் இதே மாடலை ஒன்றும் மாற்றாமல் ஓட்டுகிறான், அவன் 19 என்கிறான். கடைக்காரர் "ஏர் ஃபில்டர் போட்டால் மைலேஜ் ஏறும்" என்று சொல்லித்தான் விற்றார். நான் போவது பெரும்பாலும் கோவை, பல்லடம், காங்கேயம், கரூர் ரோடு.

எதைக் கழற்றினால் பழைய மைலேஜ் வரும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

டேங்க்ஃபுல் (சேலம்)

கழற்றுவதற்கு முன்னால் ஒரு கேள்வி. 18 என்பதையும் 16 என்பதையும் எப்படி அளந்தீர்கள்? மீட்டர் கிளஸ்டர் காட்டிய எண்ணா, டேங்க் நிரப்பிக் கணக்குப் போட்டதா?

டேங்க் நிரப்பி அளப்பதிலும் ஓட்டை இருக்கிறது. இந்த வண்டியின் டேங்க் 37 லிட்டர். ஒரு பங்கில் ஆட்டோ கட் ஆனதும் நிறுத்தியிருப்பார்கள். அடுத்த பங்கில் "ரவுண்டா போட்டுக்கலாமா சார்" என்று இன்னும் முக்கால் லிட்டர் இறக்கியிருப்பார்கள். 10 லிட்டர் செலவானபோது முக்கால் லிட்டர் பிசகினால் ஏழு சதவீதத்துக்கு மேல் தவறு. அதுவே 30 லிட்டர் செலவான பிறகு அளந்தால் இரண்டரை சதவீதம்தான். அதனால் பாதி டேங்க்கில் எடுத்த கணக்கை நான் பார்ப்பதே இல்லை. அதே பங்க், அதே பம்பு, முதல் ஆட்டோ கட்டோடு நிறுத்தச் சொல்லுங்கள். இரண்டு மூன்று டேங்க்கைச் சேர்த்துக் கூட்டி வகுங்கள்.

இன்னொன்று, உங்கள் தம்பி வண்டியோடு ஒப்பிடுவதை விட்டுவிடுங்கள். அவர் ஓட்டுகிற விதம் வேறு, ரோடு வேறு. உங்கள் வண்டியை உங்கள் வண்டியோடுதான் ஒப்பிட வேண்டும்.

கொங்குவண்டி

டேங்க் நிரப்பித்தான் கணக்குப் போடுகிறேன் அண்ணா. பீளமேட்டில் ஒரே பங்க். ட்ரிப் மீட்டரை அப்போதே ஜீரோ செய்துவிடுவேன்.

டயர்கணக்கு (திருச்சி)

சிக்கலே அந்த ட்ரிப் மீட்டரில்தான் இருக்கிறது நண்பரே. மாற்றிய வண்டிகளைப் பற்றி எழுதுகிற பலரும் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ஓடோமீட்டர் சாலையை அளப்பதில்லை. சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணி, கம்பெனி டயரின் சுற்றளவால் பெருக்கிக் காட்டுகிறது. டயர் மாறிய சேதி அதற்குத் தெரியாது.

உங்கள் பழைய டயர் 165/80 ஆர்14. 165 என்பது மி.மீ.-இல் அகலம். பக்கச்சுவர் அதில் 80 சதவீதம், அதாவது 132 மி.மீ. மேலும் கீழும் சேர்த்து 264. ரிம் 14 இன்ச், அது 355.6 மி.மீ. மொத்த விட்டம் 619.6 மி.மீ.

புதியது 195/65 ஆர்15. பக்கச்சுவர் 126.75, இரண்டுக்கும் 253.5. ரிம் 381. மொத்தம் 634.5 மி.மீ.

2.4 சதவீதம் பெரிய டயர். ட்ரிப் மீட்டர் 500 காட்டினால் வண்டி உண்மையில் ஓடியது 512 கிலோமீட்டர். உங்கள் 16 என்பது நிஜத்தில் 16.4. வண்டி ஓடிய தூரத்தையே மீட்டர் குறைத்துச் சொல்கிறது.

இதே காருக்கு மேல் வேரியண்ட்டில் கம்பெனி கொடுப்பது 185/65 ஆர்15. அதன் விட்டம் 621.5. பழைய 14 இன்ச்சுக்கும் இதற்கும் 2 மி.மீ. கூட வித்தியாசம் இல்லை. ரிம்மைப் பெரிதாக்கினாலும் மொத்த விட்டம் மாறக்கூடாது என்று கம்பெனியே கணக்குப் போட்டுத்தான் தருகிறது. அப்சைஸ் செய்கிற, அதாவது பெரிய டயர் போடுகிற எல்லோரும் இதைப் பார்த்துவிட்டுப் போகலாம்.

சின்ன விட்டம் போட்டவர்களுக்கு நேர் எதிர். 205/50 ஆர்16 போட்டால் விட்டம் 611.4. மீட்டர் கூடுதலாக ஓடும், மைலேஜ் ஏறியது போலத் தெரியும். "அகல டயர் போட்டும் மைலேஜ் குறையவில்லை" என்று எழுதுகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது டயர் சைஸைத்தான்.

சரிபார்க்க செல்போன் ஜிபிஎஸ் போதும். அதுவும் வேண்டாம் என்றால் நெடுஞ்சாலைக் கிலோமீட்டர் கல்லைப் பிடித்து 50 கிலோமீட்டர் ஓட்டி மீட்டரோடு ஒத்துப் பாருங்கள்.

பட்டறைக்காரன் (மதுரை)

டயர்கணக்கு சொன்னது சரி. ஆனால் கணக்கைத் திருத்திவிட்டால் மைலேஜே குறையவில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். 165 இருந்த இடத்தில் 195 ஏறியிருக்கிறது. டயர் உருளும்போது நசுங்கி நிமிர்வதில் சக்தி வீணாகிறது, ரப்பர் சூடாவது அதனால்தான். இந்த உருளும் எதிர்ப்பு 10 சதவீதம் ஏறினால் மைலேஜ் ஒன்று முதல் இரண்டு சதவீதம் அடிபடும். அகலம் மட்டுமே காரணம் கிடையாது, ரப்பர் கலவையும் உண்டு. கம்பெனி போட்டுத் தருகிற டயர் பெரும்பாலும் மைலேஜுக்காகவே தேர்ந்தெடுத்தது. கடையில் நாம் வாங்குவது ரோட்டைப் பிடிக்கும் டயர். பிரேக் அடிக்கும்போது அதன் அருமை தெரியும், பங்க்கில் அதன் விலை தெரியும்.

அலாய் போட்டால் எடை குறையும் என்ற நம்பிக்கையையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். வெளியே விற்கும் வார்ப்பு அலாய் பல, கழற்றிய ஸ்டீல் ரிம்மைவிடக் கனமாக இருக்கும். மாட்டுவதற்கு முன்னால் தராசில் வைத்துப் பாருங்கள். டயரையும் சேர்த்து வையுங்கள்.

காற்று எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்? சராசரியாக ஒரு பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) குறைந்தால் 0.2 சதவீதம் மைலேஜ் போகும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறை சொல்லும் கணக்கு. கேட்க அற்பமாகத் தெரியும். எங்கள் பட்டறைக்கு வருகிற வண்டிகளில் எட்டு, பத்து பிஎஸ்ஐ குறைவாக ஓடுகிறவை எத்தனையோ. நைட்ரஜன் அடித்தால் மைலேஜ் கூடும் என்பதற்காகக் காசு கொடுக்காதீர்கள், அழுத்தம் சரியாக இருந்தால் சாதாரணக் காற்றே போதும்.

கொங்குவண்டி

டயர் சரி. ஏர் ஃபில்டர்? அது மைலேஜ் ஏற்றியிருக்க வேண்டாமா?

பட்டறைக்காரன்

ஏற்றாது, இறக்கவும் இறக்காது. பெட்ரோல் வண்டியில் ஆக்சிலரேட்டர் மிதித்தால் திறப்பது காற்று வழிதான். உங்களுக்குத் தேவையான சக்திக்கு எவ்வளவு காற்று வேண்டுமோ அவ்வளவுதான் உள்ளே போகும். ஃபில்டர் கொஞ்சம் அடைத்திருந்தால் கால் தானாகவே கொஞ்சம் கூடுதலாக மிதிக்கும், த்ராட்டில் அதற்கு ஈடாகத் திறக்கும். புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் புகையைப் பார்த்து, காற்றுக்குத் தக்க பெட்ரோலை இசியூவிடம் (இன்ஜினை நடத்தும் கணினி) கேட்டு வாங்கும். 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல், அந்த விகிதத்தை அது விடாது.

2009-இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் இதையே சோதித்தது. ஃபில்டரை வேண்டுமென்றே அடைத்து ஓட்டிப் பார்த்தார்கள். புதிய வகை வண்டிகளில் முழு மிதியில் வேகம் எடுப்பது குறைந்தது, மைலேஜ் குறிப்பிடும்படி மாறவில்லை. அடைத்தே இறங்காத மைலேஜ், விலை உயர்ந்த ஃபில்டர் போட்டால் எப்படி ஏறும்? கார்புரேட்டர் காலத்து வண்டிக்குச் சொன்னதை இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

ஃப்ரீ ஃப்ளோ சைலன்சரும் அப்படித்தான். 2500 ஆர்பிஎம்மில் போகிற சின்ன இன்ஜினுக்குப் பழைய சைலன்சர் தடையே இல்லை. சத்தம் நன்றாக இருப்பதால் கால் அடிக்கடி மிதிக்கும், அந்தச் செலவுதான் மிச்சம்.

முப்பந்தல் (நாகர்கோவில்)

எல்லோரும் வண்டியையே பார்க்கிறீர்கள். அவர் ஓட்டும் ரோட்டைப் பாருங்கள். கரூர் ரோடு, பல்லடம்! பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று நேராக விழும் இடம். அந்தப் பக்கம் காற்றாலைகளைச் சும்மாவா நட்டிருக்கிறார்கள்? எங்கள் ஆரல்வாய்மொழியிலும் இதே கதை. தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் வருகிறவனும் இங்கிருந்து அங்கே போகிறவனும் ஒரே வண்டியில் போனாலும் ஒரே மைலேஜ் சொல்ல மாட்டார்கள்.

காற்று எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். நீங்கள் 80-இல் போகிறீர்கள், எதிரே 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று என்று வைத்துக்கொள்வோம். வண்டிக்கு அது 110-இல் போவது மாதிரி. எதிர்ப்பு 1.9 மடங்கு. அதே காற்று பின்னாலிருந்து வந்தால் 50-இல் போவது மாதிரி, எதிர்ப்பு 0.4 மடங்குக்கும் கீழே. போகவர அளந்தால் சரியாகிவிடும் என்பார்கள். கூட்டிப் பாருங்கள், 1.89-உம் 0.39-உம் சேர்த்துப் பாதியாக்கினால் 1.14. காற்றுக் காலத்தில் போகவர அளந்தாலும் 14 சதவீதம் கூடுதல் எதிர்ப்பு மிஞ்சும். அதனால் மாற்றுவதற்கு முன் ஜனவரியில் அளந்து, மாற்றிய பின் ஜூலையில் அளந்தால் அந்த ஒப்பீடு செல்லாது.

டேங்க்ஃபுல்

அருமை. மேடும் அப்படித்தான். சென்னையிலிருந்து பெங்களூரு போனால் வண்டி 900 மீட்டர் மேலே ஏறுகிறது. ஆட்களோடு 1100 கிலோ வண்டியை அவ்வளவு உயரம் தூக்கத் தேவைப்படும் சக்தி 9.7 மெகாஜூல். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 32 மெகாஜூல் இருக்கிறது, இன்ஜின் அதில் 30 சதவீதத்தைச் சக்கரத்துக்குக் கொடுத்தால் அதிகம். ஆக, ஒரு லிட்டர் பெட்ரோல் வெறும் மேடு ஏறவே செலவாகிறது. கோவை 400 மீட்டருக்கு மேல், கரூர் நன்றாகத் தாழ்வு. போகும்போது இறக்கமும் பின்காற்றும், வரும்போது ஏற்றமும் எதிர்க்காற்றும். ஒரு வழிக் கணக்கை எழுதவே கூடாது.

மல்டிஜெட் (ஈரோடு)

நீங்கள் எல்லோரும் சேர்ந்து, மாற்றினால் மைலேஜ் ஏறவே ஏறாது என்று முடிவு கட்டுகிறீர்கள். என் டீசல் 1.3, 75 குதிரை சக்தி இன்ஜின், ரீமேப் செய்தது, அதாவது இசியூவின் மென்பொருளை மாற்றியது. லிட்டருக்கு ஒன்றரை கிலோமீட்டர் கூடுதலாகவே கிடைக்கிறது. டர்போ வண்டிக்கும் டர்போ இல்லாத வண்டிக்கும் ஒரே நியாயம் பேசாதீர்கள்.

பட்டறைக்காரன்

டர்போ டீசலில் நடக்கக்கூடியதுதான், மறுக்கவில்லை. அந்த இன்ஜின் 2000 ஆர்பிஎம்முக்குக் கீழே சோம்பல், ஊருக்குள் இரண்டாவது, மூன்றாவது கியரிலேயே இழுக்க வேண்டியிருக்கும். ரீமேப்பில் கீழ் இழுவை ஏறினால் ஒரு கியர் முன்னதாக மாற்றலாம். குறைந்த ஆர்பிஎம்மில் நல்ல சுமையோடு ஓடும்போது இன்ஜினுக்குள் உராய்வு வீணாவது குறைவு. மைலேஜ் வருவது அங்கிருந்துதான். கிடைத்த இழுவையை ஓவர்டேக்குக்குச் செலவழித்தால் அதுவும் வராது.

உங்களிடம் ஒரு கேள்வி. அந்த ஒன்றரை கிலோமீட்டரை எதில் பார்த்தீர்கள்?

மல்டிஜெட்

டிஸ்ப்ளேயில்தான். ஆவரேஜ் காட்டுகிறதே. முதலில் வெளியே மாட்டும் பாக்ஸ் போட்டிருந்தேன், அப்போது இதைவிடக் கூடுதலாகக் காட்டியது.

பட்டறைக்காரன்

அதனால்தான் கேட்டேன். டிஸ்ப்ளே டீசலை அளந்து பார்ப்பதில்லை. இன்ஜெக்டரை எவ்வளவு நேரம் திறந்தோம், ரயிலில் (இன்ஜெக்டர்களுக்கு டீசல் தரும் உயரழுத்தக் குழாய்) எவ்வளவு அழுத்தம் என்று இசியூ போடும் கணக்கைத்தான் காட்டுகிறது.

வெளியே மாட்டும் பாக்ஸ்களில் பல செய்வது இதுதான்: ரயில் அழுத்த சென்சாரின் சிக்னலை நடுவில் பிடித்து, இருப்பதைவிடக் குறைவாக இசியூவிடம் சொல்லும். இசியூ அதை நம்பி அழுத்தத்தை ஏற்றும். அதே திறப்பு நேரத்தில் கூடுதல் டீசல் போகும், வண்டி சீறும். ஆனால் இசியூவின் கணக்கில் பழைய அளவுதான் போனது. அதனால் டிஸ்ப்ளேயில் மைலேஜ் ஏறும், பங்க் பில்லில் ஏறாது. பாக்ஸ் இருந்தபோது கூடுதலாகக் காட்டியதற்கு இதுவே காரணமாக இருக்கும்.

ரீமேப்பிலும் இன்ஜெக்டர் கணக்கைத் தொட்டிருந்தால் டிஸ்ப்ளே நம்பிக்கைக்கு உரியதல்ல. டேங்க் நிரப்பி ஒரு கணக்கு எடுத்துப் பாருங்கள். ஏறியிருந்தால் சந்தோஷமாக இங்கே எழுதுங்கள், நானே நாலு பேருக்குச் சொல்வேன்.

மல்டிஜெட்

சரி, எடுக்கிறேன். ஆனால் வண்டி ஓட்ட முன்னைவிட நன்றாக இருக்கிறது என்பதில் மாற்றமில்லை.

ஆராய்_விட்டலன் (சென்னை)

ஒரு சின்ன இடைச்செருகல். கம்பெனி சொல்லும் மைலேஜ் பொய் என்று திட்டுகிறவர்களுக்காக. அந்த எண் ஆராய் (ARAI, இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கம்) அமைப்பின் முறைப்படி, ஆய்வகத்தில் உருளைகள் மேல் வண்டியை நிறுத்தி எடுப்பது. 1180 வினாடி ஓட்டம், அதிகபட்ச வேகம் மணிக்கு 90, ஏசி கிடையாது. அந்த நிபந்தனைக்கு அது உண்மையான எண்தான். ரோட்டில் வண்டியை நியூட்ரலில் உருளவிட்டு எதிர்ப்பை அளந்து, அதே எதிர்ப்பை உருளையில் வைத்துச் சோதிக்கிறார்கள். நீங்கள் டயரை மாற்றிய அன்றே அந்த எண்ணுக்கும் உங்கள் வண்டிக்கும் உறவு முடிந்தது. கம்பெனி 22 சொன்னது, எனக்கு 16 வருகிறது, ஆகவே மாற்றியதால் 6 போச்சு என்று கழிக்கக் கூடாது.

அந்த உருளவிடும் சோதனையை நாமே செய்யலாம். காற்று இல்லாத விடியற்காலை, சமதளமான வெறும் ரோடு, பின்னால் வண்டி வராத இடம். இன்ஜினை அணைக்காமல் நியூட்ரலில் விட்டு, 80-இலிருந்து 60-க்கு இறங்க எத்தனை வினாடி என்று பக்கத்து சீட்டில் இருப்பவர் ஜிபிஎஸ்ஸைப் பார்த்துக் குறிக்க வேண்டும். இரண்டு திசையிலும் எடுக்க வேண்டும். டயர், ரூஃப் கேரியர், பாடி கிட் மாற்றியவர்களுக்கு இதைவிடச் சுத்தமான ஒப்பீடு இல்லை. பெட்ரோல், பங்க், கால் மிதி எதுவும் இதில் குறுக்கே வராது.

ரூஃப் கேரியர் என்றதும் ஞாபகம் வருகிறது. கூரைமேல் பெட்டி வைத்தால் ஹைவேயில் 6 முதல் 17 சதவீதம் வரை மைலேஜ் போகும் என்று அமெரிக்க அரசின் எரிபொருள் தளம் சொல்கிறது. டூர் முடிந்ததும் கழற்றி வையுங்கள்.

காஸ்வண்டி (திருவள்ளூர்)

சிஎன்ஜி மாற்றியவர்கள் பேசும்போதும் ஒரு பிசகு நடக்கிறது. வேகன்ஆர் பெட்ரோல் 24.35, சிஎன்ஜி 34.05 என்று கம்பெனி சொல்கிறது. பத்து கிலோமீட்டர் லாபம் என்று நினைக்கிறோம். முதலாவது லிட்டருக்கு, இரண்டாவது கிலோவுக்கு. ஒரு கிலோ சிஎன்ஜியில் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் பெட்ரோலின் சக்தி இருக்கிறது. சக்தி அளவில் வைத்துப் பார்த்தால் சிலிண்டர் சுமக்கும் வண்டி பெட்ரோல் வண்டியைவிடக் கொஞ்சம் அதிகமே செலவழிக்கிறது. லாபம் வருவது எரிவாயுவின் விலையில். ஒப்பிடுவதென்றால் கிலோமீட்டருக்கு எத்தனை ரூபாய் என்று ஒப்பிடுங்கள்.

டயர்கணக்கு

கொங்குவண்டி, உங்கள் முதல் பதிவைத் திரும்பப் படித்தேன். 18 கிடைத்தது 2021, 2022-இல் என்கிறீர்கள். அன்றைக்கு நீங்கள் போட்ட பெட்ரோலும் இன்றைக்குப் போடுகிறதும் ஒன்றல்ல. நாடு முழுவதும் சராசரி 10 சதவீத எத்தனால் என்ற அளவை 2022-இல் எட்டினார்கள், 2025-இல் 20 சதவீதம். எத்தனாலில் லிட்டருக்கு 21 மெகாஜூல்தான், பெட்ரோலில் 32. 10 சதவீதக் கலவையிலிருந்து 20 சதவீதத்துக்குப் போனால் ஒரு லிட்டரின் சக்தி மூன்றரை சதவீதம் குறைகிறது. எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து, 10 சதவீதத்துக்கு டியூன் செய்த கார்களில் 20 சதவீதம் போட்டால் 6 முதல் 7 சதவீதம் இழப்பு வரும் என்று 2021-இல் வந்த நிதி ஆயோக் அறிக்கையே மதிப்பிட்டது.

நான் குறைந்தபட்சக் கணக்கையே எடுக்கிறேன். 18-இல் மூன்றரை சதவீதம் போனால் 17.4. உங்கள் நிஜ மைலேஜ் 16.4. ஆக, இரண்டு கிலோமீட்டர் குறைந்தது என்றீர்களே, அதில் 0.4 மீட்டர் சொல்லாமல் விட்ட தூரம், 0.6 எத்தனால். மாற்றங்கள் மேல் போடக்கூடிய பழி ஒரு கிலோமீட்டர்தான். அதிலும் காற்றுக்கும் காலுக்கும் பங்கு உண்டு.

கொங்குவண்டி

இப்படிப் பிரித்துப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை, ரொம்ப நன்றி. அப்படியானால் அந்த ஒரு கிலோமீட்டருக்கு எதில் கைவைப்பது? அலாயைக் கழற்ற மனசில்லை.

பட்டறைக்காரன்

அலாய் இருக்கட்டும். இப்போதைய டயர் தேய்ந்ததும் 185/65 ஆர்15 போடுங்கள். ரிம் அகலம் அதற்குப் பொருந்துகிறதா என்று கடையில் பார்த்துக்கொள்ளுங்கள். மீட்டரும் சரியாகக் காட்டும், உருளும் எதிர்ப்பும் இறங்கும். அதுவரை கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்குக் காற்று, ஒரு அலைன்மென்ட். கழுவும் ஃபில்டரில் எண்ணெயை அதிகம் தடவாதீர்கள், உள்ளே போய் சென்சாரில் படிந்தால் கலவைக் கணக்கே கெடும். ப்ளூடூத் ஸ்கேனர் இருந்தால் லாங் டெர்ம் ஃப்யூயல் ட்ரிம், அதாவது இசியூ வழக்கத்தைவிட எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டுகிறது, குறைக்கிறது என்ற எண்ணைப் பாருங்கள். இரட்டை இலக்கத்தில் பிளஸ் காட்டினால் எங்கோ காற்று கசிகிறது, அல்லது சென்சார் சொல்வதில் கோளாறு.

ஆராய்_விட்டலன்

சைலன்சர் பற்றி ஒரு வார்த்தை. மைலேஜுக்காக இல்லாவிட்டாலும் கழற்றிவிடுவது நல்லது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவும், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் தெளிவு: கம்பெனி அளித்த அடிப்படை விவரக்குறிப்பிலிருந்து விலகும்படி வண்டியை மாற்றக் கூடாது. ரீமேப் செய்கிறவர்களும், ஈஜிஆரை (புகையில் ஒரு பங்கை மீண்டும் இன்ஜினுக்குள் விடும் அமைப்பு) அடைக்கிறவர்களும் இதை யோசிக்க வேண்டும். ஈஜிஆர் இருப்பது நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க. அரை கிலோமீட்டர் மைலேஜுக்காக அதை அடைத்தால் பின்னால் பைக்கில் வருகிறவரின் மூச்சில்தான் அது போய்ச் சேரும்.

மல்டிஜெட்

டேங்க் நிரப்பி எடுத்த கணக்கோடு வந்திருக்கிறேன். ரீமேப்புக்கு முன்னால் எழுதி வைத்திருந்த பழைய பில்களும் கிடைத்தன. டிஸ்ப்ளே சொன்ன ஒன்றரை இல்லை, ஆனால் அரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே நிஜமாகவே கூடியிருக்கிறது. எல்லாம் ஈரோடு, பெருந்துறை, ஊருக்குள் ஓட்டம். டயர் கம்பெனி சைஸ்தான், மாற்றவில்லை.

பட்டறைக்காரன்

இதை நம்புகிறேன். ஊருக்குள் ஓட்டத்தில் கியர் முன்னதாக மாறுவதால் வருகிற லாபம் இந்த அளவில்தான் இருக்கும். இதே வண்டியை ஹைவேயில் 100-இல் ஓட்டி ஒரு கணக்கு எடுங்கள். அங்கே ஐந்தாவது கியரில்தான் எப்படியும் போவீர்கள், அதனால் ரீமேப்பால் பெரிய மாற்றம் தெரியக் கூடாது. தெரிந்தால் காரணம் வேறு எங்கோ இருக்கிறது, தேடலாம்.

கொங்குவண்டி

ஞாயிறு விடியற்காலை அவிநாசி பைபாஸில் உருளவிட்டுப் பார்க்கப் போகிறேன். சித்தப்பா பையன் வண்டியையும் கூட்டிப் போகிறேன், ஒரே ரோடு, ஒரே நேரம், இரண்டிலும் ஒரே அளவு காற்று. வினாடிக் கணக்கை இங்கேயே போடுகிறேன். கம்பெனி டயரில் ஓடும் ஸ்விஃப்ட் வேறு யாரிடமாவது கோவைப் பக்கம் இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்து அளக்கலாம்.